இலைக்கருகல் பிடித்த வயலின் அரிசி மரபணுவை மாற்றுமா?

மட்டக்களப்பின் படுவான்கரையில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. நெல் இலைக்கருகல் கிருமியை வெளிநாட்டில் மனிதக் கலங்களுக்குள் விட்டுப் பார்த்தார்களாம், அது மரபணுவை வெட்டியதாம், அந்த வயல் அரிசியைச் சாப்பிட்டால் புற்றுநோய் வருமாம். இது பொய். வெள்ளாமை செய்பவரின் வயிற்றில் அடிக்கிற பொய்.

நடந்தது வேறு. இலைக்கருகலைத் தரும் கிருமியான சாந்தோமோனாஸ் என்ற பற்றீரியா, நெல்லின் கலங்களுக்குள் டேல் எனப்படும் புரதங்களைச் செலுத்தும். அவை டிஎன்ஏயில் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி, சர்க்கரையை வெளியேற்றும் மரபணுக்களை முடுக்கிவிடும். கிருமிக்கு அதுதான் சாப்பாடு. டிஎன்ஏயின் எந்த எழுத்தில் ஒட்டுவது என்பதைப் புரதத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வோர் அலகிலும் இரண்டே அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் சிறு துண்டுகள், தீர்மானிக்கின்றன. 2009இல் இந்த இரகசியம் பிடிபட்டது. அப்புறம் ஆய்வாளர்கள் அந்த ஒட்டும் அமைப்பை மட்டும் எடுத்து, வெட்டும் நொதியம் ஒன்றைத் தாங்களே பொருத்தி, விலங்கு, மனிதக் கலங்களில் பயன்படும் கருவியாக்கினார்கள். கிருமி அங்கே போகவேயில்லை. இயற்கையான டேல் புரதம் எதையும் வெட்டுவதுமில்லை.

புற்றுநோய்க் கதையோ தலைகீழ். 2015இல் லண்டனில் இரத்தப் புற்றுநோயால் வாடிய ஒரு வயதுக் குழந்தைக்கு, இந்தக் கருவியால் திருத்திய நோயெதிர்ப்புக் கலங்களைத்தான் மருந்தாகக் கொடுத்தார்கள்.

சரி, சோறு? இந்தக் கிருமி மனிதருக்கு நோய் தராது. அதன் புரதமும் பருப்பின் புரதம் போலவே வயிற்றில் செரித்துவிடும். தாராளமாகச் சாப்பிடுங்கள். வயலில் கருகல் கண்டால் யூரியாவைக் கூட்டாதீர்கள், நோய் இன்னும் பெருகும். விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.