எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாலை

தாத்தாவின் இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்ற மூன்று மாதமாக அலைகிறேன். ஹட்டன் மலைப் பனியில் உறைகளெல்லாம் பூஞ்சணம், தள்ளிப்போட முடியாது.

தட்டின் ஊசி தரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்க ப்ரீஆம்ப் என்ற பெட்டி வேண்டும். கொழும்புக் கடையில் கேட்டால் "எல்லா ப்ரீஆம்பும் ஒன்றுதான் தம்பி" என்று மைக்குக்கான பெட்டியைத் தள்ளிவிட்டார்கள். ஒன்றே இல்லை! தட்டை வெட்டும்போதே அடியொலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டித்தான் பதிகிறார்கள். இசைத்தட்டுக்கென்றே உள்ள போனோ ப்ரீஆம்ப்தான் அதை ஆர்ஐஏஏ வளைவு என்ற பொது அளவின்படி திருப்பிச் சரிசெய்யும். மைக் பெட்டியில் அது கிடையாது. போட்டுக் கேட்டால் தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த அடியையே காணோம், நாதஸ்வரம் தகரத்தில் கீறுகிறது.

சரி என்று இன்னொன்று வாங்கினேன். அதில் எர்த் கம்பி மாட்டத் திருகாணியே இல்லை. தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் மெல்லிய பச்சைக் கம்பி அந்தரத்தில் தொங்க, பாட்டுக்கு அடியில் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். கம்பியைப் பெட்டியின் உலோக உடம்பில் விரலால் அழுத்தினால் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. ஒரு பக்கம் ஓட 20 நிமிடம். அவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டா பதிவது?

எம்எம் கார்ட்ரிட்ஜுக்கு (காந்தம் அசையும் வகை ஊசித்தலை) 47 கிலோ ஓம் உள்ளீட்டு மின்தடை, 40 டெசிபல் பெருக்கம், பின்னால் ஓர் எர்த் திருகாணி. இவ்வளவுதான் கேட்டேன். இதைப் பெட்டி மேல் தெளிவாக எழுதி விற்க என்ன கஷ்டம்?