தானாக மேலே வருவார்களாம்!

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். இளம் ஆய்வாளர்களுக்கான விழா மேடையில் ஒருவர் பேசினாரே, நேற்றிலிருந்து எல்லோர் பக்கத்திலும் அந்தக் காணொளிதான் ஓடுகிறது. எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வாக்கியம் முடிந்ததும் அரங்கமே கைதட்டியதே, அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

'திறமை இருந்தால் தானாக மேலே வருவார்கள். நாம் கைப்பிடித்து நடத்த வேண்டியதில்லை.' பின்னால் தொங்கிய பேனரில் என்ன எழுதியிருந்தது? 'இளம் ஆய்வாளர்களை வளர்ப்போம்.' பேனர் அடித்தவருக்கும் பேசியவருக்கும் அறிமுகம் இல்லை போலிருக்கிறது.

தானாக யாரும் மேலே வருவதில்லை. வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கோ ஓர் இடத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் கொடுத்திருப்பார், ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார், ஒருவர் 'இந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்' என்று யாரிடமோ சண்டை போட்டிருப்பார். பாதியில் போனவர்களுக்கு அது கிடைத்திருக்காது. ஆய்வு நிறுவனங்கள் வந்தவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகின்றன. போனவர்களை யாரும் எண்ணுவதுகூட இல்லை. அப்புறம் எப்படித் தெரியும், திறமை தானாக வருகிறதா இல்லையா என்று?

உடனே விஞ்ஞானி கரிக்கோவை இழுத்துக்கொண்டு வருவீர்கள். தெரியும், நேற்றே மூன்று பேர் வந்துவிட்டார்கள். கேட்டலின் கரிக்கோவை 1995-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பதவியிறக்கம் செய்தது. பின்னால் கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ மூலக்கூறு பற்றிய அவர் ஆய்வுக்கு யாரும் பணம் தரவில்லை. அவர் விடவில்லை, 2023-இல் நோபல் பரிசு வாங்கினார். 'பார்த்தீர்களா, கஷ்டப்பட்டால்தான் விஞ்ஞானி!'

அந்தக் கதையை முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். அவரை முதலில் வேலைக்கு எடுத்த பேராசிரியர் வெளியேறிய பிறகு, டேவிட் லாங்கர் என்ற இளம் மருத்துவர் தன் நரம்பறுவைத் துறையில் பேசி அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ட்ரூ வைஸ்மன் என்ற நோயெதிர்ப்பு ஆய்வாளர் அறிமுகமானார். 2005-இல் வந்த அந்த முக்கியமான ஆய்வுப் பேப்பர் இருவரும் சேர்ந்து செய்தது. நிறுவனம் கைவிட்டது, இரண்டு மனிதர்கள் கைவிடவில்லை. அந்த இரண்டு பேரும் இல்லாத கரிக்கோக்கள் எத்தனை பேர்? பெயரே தெரியாதவர்களை எப்படி எண்ணுவது?

ஒருவரின் பெயர் மட்டும் தெரியும். டக்ளஸ் பிராஷர். ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்துக்கான மரபணுவை 1992-இல் பிரித்தெடுத்து வெளியிட்டவர். ஆராய்ச்சிக்குப் பணம் நின்றுபோனது. கையில் இருந்த மரபணுவைக் கேட்டவர்களுக்கு அனுப்பிவிட்டார். 2008-இல் அந்தப் புரதத்துக்காக மூன்று பேருக்கு நோபல் அறிவித்தபோது, அவர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டுவதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் அவருக்குத் திறமை இல்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

'எல்லோருக்கும் கொடுக்கப் பணம் எங்கே?' என்று கேட்பீர்கள். பொன்னாடைக்கு இருந்ததே. சரி, அடுத்து.

'கைடுகள் (ஆய்வு வழிகாட்டிகள்) மட்டும் என்ன செய்வார்கள், பாவம்.' இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பேப்பர் எழுதத் தெரிந்தவர் என்று ஒருவரை வேலைக்கு எடுத்து, மறுநாளே ஆறு பேரின் எதிர்காலத்தைக் கையில் கொடுக்கிறோம். மனிதர்களை வளர்ப்பது எப்படி என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? அவருடைய பதவி உயர்வுப் படிவத்தில் பேப்பர் எண்ணிக்கைக்குக் கட்டம் உண்டு, நிதிக்கு உண்டு. எத்தனை மாணவர்கள் நிம்மதியாக முடித்துப் போனார்கள் என்பதற்குக் கட்டம் எங்கே? ஹிக்ஸ் துகளைக் கணித்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸே 2013-இல், இன்றைய நிலைமையில் தனக்கெல்லாம் பல்கலைக்கழக வேலை கிடைக்காது என்று சொல்லிவிட்டார். 1964-க்குப் பிறகு அவர் எழுதிய பேப்பர்கள் பத்தைத் தாண்டவில்லை. அவருக்கே அந்தக் கதி என்றால், எண்ணிக்கையைத் துரத்தும் கைடுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் எங்கிருந்து வரும்?

'உன்னால் மேலே வர முடியவில்லை, அதனால் புலம்புகிறாய்' என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருந்தார். ஆமாம் சார், அதனால்தான். அடிபட்டவன்தானே வலியைச் சொல்ல முடியும்?

என் முதல் வருடத்தில் கைடு என்னிடம் பேசியது மொத்தம் நான்கு தடவை. அதில் ஒரு தடவை என் பெயரை மாற்றிச் சொன்னார். மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் பெரிய சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று கேட்கவே பயம். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் லேபில் ஒப்பந்தத்தில் இருந்த டெக்னீஷியன் அண்ணன். எதிரெதிர்க் குழாய்களை மூடியோடு சேர்த்து எடை போட்டு, இரண்டும் சமமா என்று சரிபார்க்கச் சொன்னார். 'தம்பி, வேகம் ஏறும்போது பக்கத்திலேயே நில்லுங்க. சத்தம் மாறினா உடனே நிறுத்திடுங்க, எதுக்குன்னு யோசிக்க வேண்டாம்.' இரண்டாவது வாரம் சத்தம் மாறியது, நிறுத்தினேன். ஒரு குழாய் கசிந்திருந்தது. குழாய்களைச் சுழற்றும் ரோட்டரும் தப்பியது, நானும் தப்பினேன். என் ஆய்வேட்டில் இருக்கும் நல்ல முடிவுகளில் பாதி அவருடைய காதிலிருந்து வந்தவை.

நான்காம் வருடம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. திறமையை வளர்க்கிற இடம் அது. அவரும் திறமைதான் என்பது அந்தப் பட்டியலில் வராது.

விவியன் தாமஸைப் பற்றிப் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. 1944-இல், நீலக் குழந்தைகள் என்று சொல்லப்பட்ட இதயக் கோளாறுள்ள குழந்தைக்கு நடந்த முதல் அறுவைச் சிகிச்சையில், பெரிய டாக்டர் பிளேலாக்கின் பின்னால் ஒரு படிப்பலகையில் ஏறி நின்று அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தாமஸ். லேப் டெக்னீஷியன். நாய்களிடம் அந்த முறையைச் செய்து பார்த்துச் செம்மைப்படுத்தியவர். மறுவருடம் வெளியான கட்டுரையில் அவர் பெயர் இல்லை. படித்துவிட்டு எனக்கு அப்படி ஒரு கோபம்.

கோபத்தோடு என் ஆய்வேட்டை எடுத்து நன்றிப் பக்கத்தைப் புரட்டினேன். நிதி கொடுத்தவர்கள், கைடு, கைடின் குடும்பம், நண்பர்கள், படம் வரையும் மென்பொருள் வரைக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். அண்ணன் பெயர் இல்லை. அவசரத்தில் விட்டுப்போனது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தை நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

கமெண்டில் வந்து என் கைடு யார், எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. நேற்று ராத்திரி அந்தக் காணொளியை நிறுத்திவிட்டு அண்ணனின் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு சின்னப் பெண் எடுத்தாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.