தப்பைக் கண்டுபிடிப்பது யார் வேலை?

"மாண்டிசோரின்னா என்ன, சும்மா விளையாட விட்டுடுவாங்க, எழுதவே சொல்ல மாட்டாங்க, அதானே?" போன வாரம் ஒரு உறவினர் கேட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் படிப்பது வழக்கமான பள்ளியில், சின்னவள் மூன்று வயதிலிருந்து மாண்டிசோரியில், அதாவது பிள்ளைகள் சாமான்களைக் கையில் எடுத்துத் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் பள்ளியில். அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னை இந்த விஷயத்தில் நிபுணன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிபுணனெல்லாம் இல்லை. ஒருநாள் சின்னவள் வகுப்பின் மூலையில் நாற்காலி போட்டு என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, பிள்ளைகளைக் கூப்பிடக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்ததுதான்.

ஒரு பையன், நாலு வயதிருக்கும். அலமாரியிலிருந்து ஒரு நீளமான மரக்கட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து பாயில் வைத்தான். கட்டையில் பத்துக் குழி, ஒவ்வொன்றிலும் தலையில் குமிழ் வைத்த ஓர் உருளை. ஒன்றைவிட ஒன்று தடிமன். பத்தையும் பிடுங்கிக் கலைத்துவிட்டுத் திரும்பப் பொருத்த ஆரம்பித்தான். நடுவில் ஓர் உருளையை அதைவிடப் பெரிய குழியில் போட்டுவிட்டான். அதுவும் லொடலொடவென்று உள்ளே போய்விட்டது. கடைசியில் கையில் மிச்சம் ஒரு தடித்த உருளை, கட்டையில் மிச்சம் ஒரு சின்னக் குழி. அழுத்திப் பார்த்தான். தலைகீழாகப் போட்டு அழுத்தினான். எனக்குக் கை பரபரத்தது, "அந்த மூணாவதை எடுடா கண்ணா" என்று வாய்வரை வந்துவிட்டது. ஆசிரியை பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் நகரவில்லை. பையன் உருளையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டையையே முறைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் லொடலொடத்ததை விரலால் ஆட்டிப் பார்த்தான். பிடுங்கினான். அதிலிருந்து மளமளவென்று எல்லாம் உட்கார்ந்தது. முடித்ததும் அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மறுபடியும் பத்தையும் பிடுங்கினான்!

நான் கண்ட வித்தியாசம் இதுதான். பரீட்சை இருக்கா இல்லையா, யூனிபார்ம் உண்டா, வீட்டுப்பாடம் உண்டா என்பதெல்லாம் அப்புறம். தப்பு நடந்ததை யார் சொல்வது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. மூத்தவன் வகுப்பில் அதைச் சொல்வது சிவப்பு மை. அதுவும் மறுநாள் நோட்டு திரும்பி வரும்போது. அதற்குள் அந்தக் கணக்கே அவனுக்கு மறந்து போயிருக்கும். இங்கே அந்தக் கட்டையே சொல்லிவிடுகிறது, அந்த நிமிடமே, திட்டாமல். சாமான்களைச் செய்திருப்பதே அப்படித்தான். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரங்களை அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரம் இருக்கிறதே, அதில் ஒன்று மாறினாலும் கோபுரம் கோணலாகத் தெரியும்.

இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி ஒரு டாக்டர். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தவர். 1907 ஜனவரி 6-ல் அவர் 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் தன் முதல் பள்ளியைத் தொடங்கியது ரோமில் ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த சான் லொரென்சோவில். இன்று இதைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்ல எனக்குத் தனி ஆசை. அங்கே ஒரு சிறுமி இதே உருளைகளை நாற்பது தடவைக்கு மேல் போட்டுப் போட்டு எடுத்தாளாம். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தார்கள், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள், அவள் நிறுத்தவில்லை. பிள்ளைகளுக்குக் கவனம் நிற்காது என்று நாம் சொல்வதில் பாதி, நிற்கிற நேரத்தில் நாம் மணி அடிப்பதால் வருவது என்று நினைக்கிறேன். மாண்டிசோரியில் சுமார் மூன்று மணி நேரம் மணியே அடிக்காமல் விட்டுவிடுவதும் அதனால்தான்.

எண்களையும் சொல்லியாக வேண்டும். மூத்தவன் ஆயிரத்தைக் கற்றது ஒன்றுக்குப் பின்னால் மூன்று சைபர் போட்டு. சின்னவள் தூக்கிப் பார்த்துக் கற்றாள். ஒற்றைப் பாசிமணி ஒன்று, பத்துப் பாசிமணி கோத்த கம்பி பத்து, பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். "ஆயிரம் கனமா இருக்குப்பா" என்றாள். கணக்கில் நான் கேட்ட மிக நல்ல வாக்கியம் அது.

மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே வகுப்பில் கலந்து உட்காருவது, பெரியது சின்னதுக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. அந்தக் கோபுரக் கட்டையைக் காராக ஓட்டினால் ஆசிரியை மெல்ல வந்து எடுத்து வைத்துவிடுவார். சுதந்திரம் சுதந்திரம் என்கிறார்களே, அது இப்படி வரம்பு கட்டிய சுதந்திரம். எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அடுத்தது பெயர். 'மாண்டிசோரி' என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். நான் பார்த்த ஒரு பள்ளியில் எல்லாச் சாமானும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஏ பி சி டி எழுதிக்கொண்டிருந்தார்கள். சேர்ப்பதற்கு முன் அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

ஆய்வுகளும் உண்டு. 2006-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது பேர்போனது. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு மாண்டிசோரிப் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் மாண்டிசோரிப் பிள்ளைகள் முன்னால். பன்னிரண்டு வயதில் அந்த முந்துதல் இல்லை, ஆனால் கட்டுரை எழுதுவதிலும் பழகுவதிலும் வித்தியாசம் தெரிந்தது. ஒரே ஒரு பள்ளியை வைத்துச் செய்தது என்பதால் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட மாட்டேன்.

என் வீட்டுக் கணக்கும் ஆய்வில்லை. இரண்டு பிள்ளைகளின் குணமே வேறு. ஆனாலும் ஒன்று கண்ணில் படுகிறது. மூத்தவன் ஒவ்வொரு கணக்குக்கும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "சரியாப்பா?" என்பான். "நீயே ஒரு தடவை போட்டுப் பாரேன்" என்றேன் நேற்று.

"நான் பாத்து என்னப்பா பண்றது? மிஸ் டிக் போட்டாத்தான் சரி."

சின்னவள் அந்தப் பக்கம் சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டு, கடைசியில் மிச்சமிருந்த ஓட்டையை முறைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நான் போய்ப் போட்டுவிட்டேன்.