எழுந்து நிற்கிற காட்சிகள்

போன வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். சாப்பிட்டு முடித்ததும் போனை நீட்டி, "மாமா, நீங்க எப்பவும் சொல்வீங்களே காஸாபிளாங்கா பாட்டு சீன், இதுதானே?" என்றான். யாரோ ரீல்ஸில் வெட்டிப் போட்டிருந்த துண்டு. ஒரு விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் பியானோவைச் சுற்றி நின்று பாடுகிறார்கள். ஒருவர் விறுவிறுவென்று வந்து, பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கும்படி இசைக்குழுவிடம் சொல்கிறார். கூட்டம் முழுக்க எழுந்து நின்று பாடுகிறது. ஜெர்மானியர்களின் பாட்டு அமுங்கிப் போகிறது. "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா அந்தப் பொண்ணு எதுக்கு அப்படி அழுவுது?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அந்தத் துண்டில் அதற்குப் பதில் கிடையாது. பதிலெல்லாம் அதற்கு முன்னால் ஓடுகிற ஒரு மணி நேரப் படத்தில் இருக்கிறது. பழைய ஹாலிவுட் படங்களின் பெரிய காட்சிகள் இப்போது இப்படித்தான் நம் கைக்கு வருகின்றன. பார்க்கவே பார்க்காமல் இருப்பதற்கு இது பரவாயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழை பெய்ததைக் காட்டாமல் ஏரி உடைவதை மட்டும் காட்டுகிற வேலை இது.

நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போக அகதிகள் காத்துக் கிடக்கிற மொராக்கோ ஊர்தான் காஸாபிளாங்கா. அழுகிற அந்தப் பெண்ணின் பெயர் இவோன், பிரெஞ்சுக்காரி. படத்தின் தொடக்கத்தில் விடுதி முதலாளி ரிக்கிடம், அதாவது ஹம்ப்ரி போகார்ட்டிடம், "நேற்று ராத்திரி எங்கே போனாய்?" என்று கேட்கிறாள். "அவ்வளவு பழைய விஷயமெல்லாம் எனக்கு நினைவில்லை" என்கிறான். "இன்று ராத்திரி பார்க்கலாமா?" "அவ்வளவு தூரத்துக்கு நான் திட்டம் போடுவதில்லை." அவ்வளவுதான், வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். அடுத்த முறை அவள் வரும்போது ஒரு ஜெர்மன் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அதைப் பார்த்து ஒரு பிரெஞ்சு அதிகாரி கோபப்பட, அங்கே கைகலப்பே ஆகிறது. தன் ஊரைப் பிடித்து வைத்திருப்பவனோடு குடிக்க வந்தவள், அதே இடத்தில் எழுந்து நின்று கண்ணீர் வழியத் தன் தேசிய கீதத்தைப் பாடுகிறாள். இதெல்லாம் தெரிந்து பார்க்கும்போதுதான் அந்த க்ளோஸப் நம்மை என்னவோ செய்கிறது.

கீதத்தை வாசிக்கச் சொல்கிறவர் லாஸ்லோ, நாஜிகளை எதிர்த்துப் போராடுகிறவர். அவர் சொன்னவுடனே இசைக்குழுக்காரர்கள் வாசித்துவிடவில்லை. முதலாளி பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். ரிக் லேசாகத் தலையசைக்கிறான். துண்டாகப் பார்த்தால் அது ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். முழுப் படத்திலோ, "யாருக்காகவும் நான் வம்பில் மாட்டிக்கொள்ள மாட்டேன்" என்று சொல்லித் திரிந்தவன் அவன். சற்றுமுன் மாடியில் இதே லாஸ்லோ வந்து தப்பிச் செல்வதற்கான அனுமதிக் கடிதங்களைக் கேட்டபோது, "ஏன் தர மாட்டேன் என்று உன் மனைவியிடமே கேள்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னவன். அந்த மனைவி இல்சாதான் பாரிஸில் அவன் காதலித்து இழந்தவள். அத்தனை கசப்பையும் விழுங்கிவிட்டுத்தான் தலையசைக்கிறான்.

அப்புறம் திரைக்கு வெளியே நடந்தது. இவோனாக நடித்த மடலின் லெபோவுக்கு அப்போது வயது 19. 1940இல் பாரிஸ் விழுந்தபோது தன் கணவர், நடிகர் மார்செல் டாலியோவுடன் பிரான்ஸை விட்டு ஓடி வந்தவர். லிஸ்பன் போய்க் கப்பல் ஏறினார்கள். கையில் இருந்த சிலி நாட்டு விசா போலி என்று மெக்ஸிகோ துறைமுகத்தில்தான் தெரிந்தது. அங்கே சிக்கி, கடைசியில் கனடாவின் தற்காலிகக் கடவுச்சீட்டு கிடைத்து அமெரிக்காவுக்குள் வந்தார்கள். படத்தின் கதையே இதுதான் இல்லையா? டாலியோ யூதர். அவர் முகத்தைச் சுவரொட்டியில் போட்டு, யூதன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று நாஜிகள் பிரச்சாரம் செய்தார்கள். அவருடைய பெற்றோர் வதைமுகாமில் இறந்தார்கள். பிரான்ஸில் 'கிராண்ட் இல்யூஷன்' போன்ற படங்களில் முக்கிய வேடங்களில் நடித்தவருக்கு இந்தப் படத்தில் கிடைத்தது சூதாட்ட மேசைப் பணியாளர் வேடம். பாட்டு முடிந்த கையோடு, "இங்கே சூதாட்டம் நடக்கிறதா!" என்று அதிர்ச்சி காட்டி விடுதியை மூடுகிற காவல் அதிகாரியிடம், "இந்தாருங்கள், நீங்கள் ஜெயித்த பணம்" என்று நீட்டுகிறவர் அவர்தான். எல்லாரும் சிரிக்கிற இடம். நானும் பல வருடம் சிரித்திருக்கிறேன். அவர் யார் என்று தெரிந்த பிறகு அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

ஜெர்மன் மேஜராக வரும் கான்ராட் வைட்டும் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அவர் மனைவி யூதர். 1942 கோடையில் இந்தக் காட்சியை எடுத்தபோது பாரிஸ் இன்னும் ஜெர்மனியின் பிடியில்தான் இருந்தது. போரில் யார் ஜெயிப்பார்கள் என்று அந்தச் செட்டில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. கூட்டத்தில் நின்ற பலர் உண்மையான அகதிகள். அவர்கள் அழுததில் நடிப்பு எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்?

இதையெல்லாம் சொன்னதும் பையன் போனைக் கீழே வைத்துவிட்டு, "முழுசா போடுங்க மாமா" என்றான். அன்று அதைப் பார்த்தோம். மறுநாள் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்', 1962இல் வந்தது. அதிலும் எழுந்து நிற்கிற காட்சி ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் காஸாபிளாங்காவையும் மிஞ்சியது.

1930களின் அலபாமா, அமெரிக்காவின் தென் மாநிலம். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் மீது பொய்வழக்கு. அவருக்காக வாதாடுபவர் அட்டிகஸ் என்ற வெள்ளைக்கார வக்கீல், நடித்தவர் கிரிகரி பெக். அந்தப் பெண்ணின் முகத்தில் வலப்பக்கம் காயம். அப்படியானால் அடித்தவன் இடதுகைக்காரனாக இருக்க வேண்டும். டாமின் இடது கையோ சின்ன வயதிலேயே பஞ்சாலை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. அட்டிகஸ் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அவர் பக்கம் எறிகிறார், அவர் வலது கையால் பிடிக்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்கிற பொதுமக்கள் குழு, குற்றவாளி என்கிறது.

கீழே இருந்த கூட்டம் கலைந்துவிடுகிறது. அட்டிகஸ் தனியாக நின்று தன் காகிதங்களைப் பைக்குள் அடுக்குகிறார். மேலே பால்கனியில் கறுப்பின மக்கள். அவர்கள் உட்கார அங்கே மட்டும்தான் அனுமதி. ஒருவரும் கிளம்பவில்லை. சத்தமில்லாமல் எழுந்து நிற்கிறார்கள். கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்து உட்கார்ந்திருக்கும் அட்டிகஸின் சின்ன மகளிடம் பாதிரியார் சைக்ஸ் சொல்கிறார்: "மிஸ் ஜீன் லூயிஸ், எழுந்து நில்லுங்க. உங்க அப்பா போறாரு." ஒரு வயதான பாதிரியார் அந்தச் சிறு பெண்ணை 'மிஸ்' என்று மரியாதை கொடுத்துக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்த ஊரின் நிலைமை முழுக்க அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. அட்டிகஸ் மேலே நிமிர்ந்து பார்க்காமலே வெளியே போய்விடுகிறார்.

இந்தக் காட்சி மேல் ஒரு விமர்சனம் உண்டு. அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட டாமை விட்டுவிட்டு, அவரைக் காப்பாற்ற முடியாமல் போன வெள்ளைக்கார வக்கீலுக்கு எழுந்து நிற்க வைக்கிறார்களே என்று. சரியான கேள்விதான், நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். டாமாக நடித்த பிராக் பீட்டர்ஸ் சாட்சிக் கூண்டில் கண்ணீரை அடக்கிக்கொண்டு பேசுவதுதான் அந்தப் படத்தின் உச்சமான நடிப்பு என்பது என் கருத்து. ஆனால் பால்கனியில் நிற்கிறவர்களின் முகத்தில் நான் நன்றியை மட்டும் பார்க்கவில்லை. நடந்தது என்ன என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவர்கள் நிற்பதாகத்தான் எனக்குப் படுகிறது. பெக்கும் பீட்டர்ஸும் கடைசி வரை நண்பர்கள். 2003இல் பெக் இறந்தபோது இரங்கலுரை ஆற்றியவர் பீட்டர்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை '12 ஆங்ரி மென்'. சிட்னி லுமெட்டின் முதல் படம், 1957. ஒரு சேரிப் பையன் மீது கொலைவழக்கு, ஒரே அறையில் 12 ஜூரிகள். படம் போகப் போக லுமெட் கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து, லென்ஸையும் நீளமாக்கிக்கொண்டே போனார். சுவர்கள் நெருங்கி வருவது போலவும் கூரை தலைக்கு மேலே இறங்கியது போலவும் இருக்கும். அந்தப் புழுக்கத்தில்தான் பத்தாம் ஜூரி, "இந்தச் சேரி ஜனங்களே இப்படித்தான்" என்று ஆரம்பிக்கிறார். முதலில் எழுந்து நகர்பவர் சேரியில் பிறந்து வளர்ந்த ஐந்தாம் ஜூரி. பிறகு ஒவ்வொருவராக மேசையை விட்டு எழுந்து முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அவர் குரல் தேய்ந்து தேய்ந்து கெஞ்சலாகிவிடுகிறது. "நான் சொல்வதைக் கேளுங்கள்" என்று கண்ணாடி போட்ட நான்காம் ஜூரியைப் பார்க்கிறார். அவர் சொல்கிறார்: "கேட்டாகிவிட்டது. போய் உட்கார். இனிமேல் வாயைத் திறக்காதே."

பையன் உடனே படத்தை நிறுத்தச் சொன்னான். "மாமா, இந்தக் கண்ணாடி போட்டவர் இன்னும் குற்றவாளின்னுதானே சொல்லிட்டு இருக்கார்? இவரோட கட்சிக்காரர்தானே?" ஆமாம், அதேதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெட்டிப் போட்ட துண்டைப் பார்த்த யாராலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

வரும் ஞாயிறு சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்', 1931. அதில் பூ விற்கும் பெண் பார்வையற்றவள். நாடோடியான சாப்ளினை அவள் எப்படிப் பணக்காரன் என்று நம்புவாள்? இந்த ஒரு முடிச்சுக்காக அந்தச் சந்திப்பை 300 தடவைக்கு மேல் எடுத்தாராம். கடைசியில் ஒரு கார்க் கதவு சாத்தப்படுகிறது, காரில் வந்த பணக்காரன் என்று நினைத்து அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பூவை நீட்டுகிறாள். படத்தில் பேச்சே கிடையாது. கதவுச் சத்தத்தை நாம் அவள் முகத்தில்தான் கேட்கிறோம். படத்தின் கடைசி நிமிடம் முழுக்க அந்தக் கதவின் மேல்தான் நிற்கிறது. அதுவரைக்கும் அந்தக் கடைசிக் காட்சி போனில் வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறான்.