3.5% முன்பணம் சரிதான், மீதிக் கதை அப்படியில்லை

“அமெரிக்காவில் எஃப்.ஹெச்.ஏ. கடனில் (அரசு அமைப்பு ஒன்று காப்பீடு தரும் வீட்டுக் கடன்) 3.5% முன்பணம் கட்டினால் போதும், நான்கு குடியிருப்புக் கட்டடம் வாங்கி நாலையும் வாடகைக்கு விடலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 3.5% உண்மை, கிரெடிட் ஸ்கோர் 580 இருந்தால். ஆனால் நாலையும் வாடகைக்கு விட முடியாது. 60 நாளுக்குள் ஒன்றில் நீங்கள் குடியேறி, குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். குடியேறும் எண்ணமே இல்லாமல் கையெழுத்துப் போட்டால் அது கடன் மோசடி, விளையாட்டில்லை.

பலர் தடுக்கி விழுவது வேறு இடத்தில். மூன்று, நான்கு குடியிருப்பு என்றால் கட்டடம் தன் செலவைத் தானே தாங்குகிறதா என்று எஃப்.ஹெச்.ஏ. கடன் கொடுப்பவர்கள் பார்ப்பார்கள். நீங்கள் இருக்கப்போகும் வீட்டையும் சேர்த்து மதிப்பீட்டாளர் சொல்லும் மொத்த வாடகையில் குறைந்தது 25% கழிப்பார்கள். மாதம் 6,000 டாலர் என்றால் கணக்கில் வருவது அதிகபட்சம் 4,500. அசல், வட்டி, சொத்து வரி, காப்பீடு, அடமானக் காப்பீடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விலை அதிகமுள்ள ஊர்களில் இங்கேயே கதை முடிந்துவிடும். இரண்டு குடியிருப்புக்கு இந்தச் சோதனை கிடையாது. அப்புறம், கடன் கொடுப்பவர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் 2023 நவம்பரிலிருந்து குடியிருக்கும் உரிமையாளருக்கு 5% முன்பணத்தில் நான்கு குடியிருப்பு வரை அனுமதிக்கிறது. அதையும் விசாரித்துப் பாருங்கள்.