கிரான் பாரடீசோ வெறும் நடைப்பயணம் இல்லை

"இத்தாலியின் கிரான் பாரடீசோ மலைக்குக் கயிறு வேண்டாம், நல்ல ஷூ போதும், காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள்.

ஆல்ப்ஸில் 4,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களில் இது எளிதானது என்பது சரிதான். ஆனால் அது மலையேறிகளின் கணக்கு. பாதையில் பனியாறு இருக்கிறது, அதில் பனி மூடிய பிளவுகள் இருக்கின்றன, வெயில் ஏற ஏற அந்த மூடிய பனி இளகும், அதனால்தான் விடியும் முன்பே கிளம்பி, ஒருவரோடொருவர் கயிறு கட்டி, காலில் கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் உலோக முட்கள்) மாட்டி ஏறுகிறார்கள். உச்சிக்கு அருகே குறுகலான பாறை வேறு.

ஏற்றமும் சின்னது இல்லை. சுமார் 1,960 மீட்டரிலுள்ள பொன்ட் கிராமத்திலிருந்து 4,061 மீட்டர் உச்சிக்கு 2,100 மீட்டர் ஏற்றம். பெரும்பாலோர் இடையிலுள்ள விட்டோரியோ இமானுவேலே குடிலில் ஒரு இரவு தங்குவார்கள்.

அப்புறம், இதை "இத்தாலியின் மிக உயரமான மலை" என்று சொன்னால் அதுவும் தவறு. முழுக்க இத்தாலிக்குள் இருப்பவற்றில்தான் இது மிக உயரம். பிரான்ஸ் எல்லையிலுள்ள மோன் பிளான் மலை இதைவிட உயரம்.

ஏற முடியாதவர்கள் பள்ளத்தாக்கிலேயே நடக்கலாம். வேட்டையால் அழியவிருந்த ஐபெக்ஸ் காட்டாடுகள் பிழைத்த இடம் இது, 1922 முதல் தேசியப் பூங்கா.