நாடகம் சொல்லிக்கொடுப்பவர் மேடையை விட்டவர் அல்ல

"நடிக்க வாய்ப்பு கிடைக்காதவர்கள்தான் நாடகப் பேராசிரியர் ஆகிறார்கள். மைக் இருக்கும்போது குரல் பயிற்சி எதற்கு?" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

நம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் அங்கே நிகழ்கலைப் பள்ளி தொடங்கியபோது அதை உருவாக்கி நடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி. 'ஔரங்கசீப்' நாடகத்தை எழுதியவரை வாய்ப்பில்லாதவர் என்று சொல்ல முடியுமா? டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு 1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்த இப்ராகிம் அல்காசி, அந்த ஆண்டுகளில்தான் பெரோஸ் ஷா கோட்லா கோட்டை இடிபாடுகளில் 'அந்தா யுக்' என்ற இந்தி நாடகத்தைப் போட்டார்.

அப்புறம் குரல். மைக் சத்தத்தைத்தான் கூட்டும். பாதி வாக்கியத்தில் மூச்சு தீர்ந்தால், கடைசி எழுத்து விழுந்தால், அதையும் சேர்த்தே பெரிதாக்கும். விலா விரிய மூச்சு வாங்கி, தொண்டையை இறுக்காமல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடக் கற்பதுதான் பயிற்சியின் அடிப்படை. கல்லூரி நாளில் அது தெரியாமல் நான் கத்திக் கத்தி நடித்து, மூன்றாவது காட்சியிலேயே தொண்டை கட்டிக்கொண்டது. விடிய விடியப் பாடி ஆடும் நம் கடலூர்ப் பக்கத்துக் கூத்துக்காரர்களுக்கு மூச்சும் காலடியும் ஒன்றாகவே பழகியிருக்கும். உடலைத் தனியாக, குரலைத் தனியாகப் பார்க்க முடியாது என்பதை அவர்களிடம் நேரில் பார்க்கலாம்.

ஆரோவில் பக்கம் ஆதிசக்தி நாடகக் குழுவில் வீணாபாணி சாவ்லா கேரளத்துத் தற்காப்புக் கலையான களரியையும் அங்கத்து சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தின் மூச்சு முறையையும் நடிப்புக்குள் கொண்டுவந்தார். அதே கையோடு நாடகங்களையும் இயக்கினார்.